நீட் தேர்வை மறுமுறை எழுதலாமா? சேலத்து மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்துக் கடைகளில் மாம்பழம் குவியும் ஜூன் மாதத்தில்தான் பெரும்பாலும் நீட் முடிவும் வருகிறது. முடிவு வந்த மறுநாளே பயிற்சி மையங்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கிவிடும்; அதற்கடுத்த நாள் உறவினர்கள் தொடங்குவார்கள். "இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்தால் கண்டிப்பாகக் கிடைத்துவிடும்" என்று ஒருவரும், "பொம்பளைப் பிள்ளைக்கு ஒரு வருஷத்தை எதற்கு வீணாக்குகிறீர்கள்" என்று இன்னொருவரும் சொல்வார்கள். இரண்டு பேருமே அந்தப் பிள்ளையின் விடைத்தாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். பல ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் இந்தக் கேள்வியோடு என் வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது மதிப்பெண்ணை அல்ல, வட்டங்களைக் கருப்பாக்கி விடை குறித்த ஓஎம்ஆர் தாளின் நகலைத்தான். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் விதிகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

முதல் படி: விதி எதை அனுமதிக்கிறது?

நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. முன்பிருந்த உச்ச வயது வரம்பும் 2022ஆம் ஆண்டு முதல் நீக்கப்பட்டுவிட்டது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருந்தால் போதும். இந்தியக் கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு தேர்வின் மதிப்பெண் அந்த ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். ஆகவே மறுமுறை எழுதுவதென்று முடிவெடுத்தால் இந்த ஆண்டு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு இரண்டில் நல்லதைக் காட்டலாம் என்ற வசதி கிடையாது. அடுத்த மே மாதத்தில் மதிப்பெண் குறைந்தாலும் குறைந்ததுதான் கணக்கு.

தமிழ்நாட்டில் இதனுடன் இன்னொரு எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. தேர்வே இல்லாமல் போய்விடும் என்று காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரிலும், ஆளுநர் திருப்பி அனுப்பிய பிறகு 2022 பிப்ரவரியிலும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த அரசியலில் உங்களுக்கு எந்த நிலைப்பாடு இருந்தாலும், பிள்ளையின் ஓராண்டை அதன்மீது பந்தயம் வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: மதிப்பெண்ணை விட்டுத் தரவரிசையைப் பாருங்கள்

"சென்ற வருடம் 600 எடுத்த பையனுக்கே கிடைக்கவில்லை, நீ 500 எடுத்து என்ன செய்வாய்" என்ற பேச்சு அடிப்படையிலேயே தவறானது. 2024இல் முடிவுகள் திருத்தி வெளியிடப்பட்ட பிறகும் 17 பேர் 720க்கு 720 வாங்கியிருந்தார்கள். 2025இல் இயற்பியல் வினாக்கள் மிகக் கடினமாக அமைந்ததால் நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686தான். 651க்கு மேல் எடுத்தவர்கள் நாடு முழுவதிலும் 73 பேர் மட்டுமே. பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண்ணும் 2022இல் 117, 2023இல் 137, 2024இல் 162, 2025இல் 144 என்று ஏறி இறங்கியிருக்கிறது. ஆகவே இரு வேறு ஆண்டுகளின் மதிப்பெண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. தரவரிசைகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

தகுதி பெறுவதும் இடம் பெறுவதும் ஒன்றல்ல என்பதையும் வீட்டில் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். 2025இல் தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். நாட்டில் இருக்கும் எம்பிபிஎஸ் இடங்களோ ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு.

அகில இந்தியத் தரவரிசையும் நம் கணக்குக்கு நேரடியாக உதவாது. அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, மீதி 85 விழுக்காட்டை மாநிலத் தேர்வுக்குழு நிரப்புகிறது. அங்கே தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். 100 இடங்களில் 85 மாநிலத்துக்கு உரியவை. அந்த 85இல் 7.5 விழுக்காடு, அதாவது சுமார் 6 இடங்கள், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு முன்னுரிமையாகச் செல்கின்றன. மறுமுறை எழுதுபவரும் இந்த உள்ஒதுக்கீட்டைக் கோரலாம் என்பதால் அரசுப் பள்ளி மாணவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. பழங்குடியினருக்கு மாநில அளவில் 1 விழுக்காடு என்பதால் ஒரு கல்லூரிக்கு ஏறக்குறைய ஓர் இடம்தான் வரும். ஆனால் சேர்வராயன் மலையிலுள்ள மலையாளி பழங்குடி மாணவர் போட்டியிடுவது அந்தச் சிறிய பட்டியலுக்குள்தான் என்பதால், அவருடைய இலக்கு சமவெளியில் இருக்கும் பொதுப் பிரிவு மாணவரின் இலக்கிலிருந்து முற்றிலும் மாறுபடும்.

செய்ய வேண்டியது இதுதான். தேர்வுக்குழு ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியிடும் ஒதுக்கீட்டுப் பட்டியலில் சென்ற ஆண்டின் கடைசிச் சுற்றை எடுத்து, உங்கள் சமூகப் பிரிவில் அரசுக் கல்லூரி இடம் பெற்ற கடைசி மாணவரின் மாநிலத் தரவரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு மாநிலப் பட்டியல் வந்ததும், அதே தரவரிசையில் நிற்கும் மாணவரின் இந்த ஆண்டு மதிப்பெண் என்ன என்று பாருங்கள். அதற்கும் உங்கள் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கடக்க வேண்டிய தூரம். அது 40 ஆக இருக்கலாம், 240 ஆகவும் இருக்கலாம். எதுவானாலும் அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: ஓஎம்ஆர் தாளைப் பிரித்துப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி உண்டு. ஓஎம்ஆர் தாளின் நகலும் தற்காலிக விடைக்குறிப்பும் முடிவுக்கு முன்பே இணையத்தில் கிடைக்கும். தேர்வு எழுதிய வாரத்திலேயே, நினைவு பசுமையாக இருக்கும்போது, ஒவ்வொரு வினாவின் அருகிலும் அது தெரிந்து எழுதியதா யூகித்ததா என்று பென்சிலால் குறித்துவைப்பது மிக நல்லது. அப்படிச் செய்யாதவர்கள் இப்போதாவது நேர்மையாக நினைவுகூர்ந்து குறிக்க வேண்டும்.

ஒரு கற்பனை மாணவியின் கணக்கைப் பார்ப்போம். மொத்தம் 180 வினாக்கள். சரி 108, தவறு 57, எழுதாமல் விட்டது 15. சரியான விடைக்கு 4, தவறுக்குக் கழிவு 1 என்பதால் 432இல் 57 போக 375. மதிப்பெண் அட்டை இதோடு நின்றுவிடுகிறது. ஓஎம்ஆர் தாளோ மேலும் பேசுகிறது.

யூகித்துக் குறித்தவை 26 என்றும், அவற்றில் 6 சரி, 20 தவறு என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 26 வினாக்களிலிருந்து வந்தது 24இல் 20 போக வெறும் 4 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக ஒரு வினாவுக்குக் கால் மதிப்பெண்தான் கிட்டும் என்பதால் இது எதிர்பார்க்கக் கூடியதே. யூகத்தால் அவள் கெட்டுப்போகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. ஆகவே "நெகட்டிவ் மார்க்கில்தான் போய்விட்டது" என்ற வழக்கமான புலம்பல் இவளுக்குப் பொருந்தாது.

எஞ்சிய 37 தவறுகள்தான் முக்கியமானவை. அவற்றைத் தெரிந்தும் பிழையானவை, அரைகுறையாகத் தெரிந்தவை என்று இரண்டு கூடைகளாகப் பிரியுங்கள். முதல் கூடையில் விழுபவை "தவறான கூற்று எது" என்று கேட்டதைச் "சரியான கூற்று எது" என்று படித்தவை, அலகு மாற்ற மறந்தவை, ஒரு வினாவின் விடையை அடுத்த வினாவின் வட்டத்தில் கருப்பாக்கியவை. இரண்டாம் கூடையில் விழுபவை படித்திருந்தும் கருத்து குழம்பியவை. யூகித்த 26ஐயும் எழுதாத 15ஐயும் சேர்த்து, தெரியாதவை என்று மூன்றாம் கூடையில் போடுங்கள். நம் மாணவிக்கு முதல் கூடையில் 15, இரண்டாவதில் 22, மூன்றாவதில் 41 என்று வந்தால், ஒரு தவறு சரியாகும்போது 5 மதிப்பெண் கூடும் என்பதால் முதல் கூடையின் மதிப்பு 75, இரண்டாவது 110. மூன்றாவதில் 164இலிருந்து யூகத்தில் ஏற்கெனவே வந்த 4ஐக் கழித்தால் 160. இந்த மூன்றையும் 375உடன் கூட்டிப் பாருங்கள், சரியாக 720 வரும். வராவிட்டால் எங்கோ ஒரு வினாவை இரண்டு கூடையில் போட்டிருக்கிறீர்கள்.

ஓராண்டு உழைப்பில் மூன்று கூடைகளும் ஒரே வேகத்தில் காலியாவதில்லை. மறுமுறை எழுதிய மாணவர்களைப் பார்த்த வரையில் நான் வைத்திருக்கும் மதிப்பீடு, முதல் இரண்டு கூடைகளிலும் பாதி, மூன்றாவதில் கால்வாசி என்பது. இது என் கைக்கணக்கு, சூத்திரம் அல்ல. முதல் கூடை முழுவதும் திரும்பிவிடும் என்று பெற்றோர் நம்புவார்கள். ஆனால் அவசரத்தில் பிழை செய்யும் பழக்கம், வாரந்தோறும் நேரம் வைத்து எழுதிப் பார்த்தால் ஒழியப் போகாது. இந்தக் கணக்கில் நம் மாணவிக்குக் கூடுவது சுமார் 130 மதிப்பெண். அவள் கடக்க வேண்டிய தூரம் 100 என்றால் மறுமுறை எழுதுவதற்கு நியாயம் இருக்கிறது. 220 என்றால் என் ஆலோசனை வேண்டாம் என்பதே. அதே 375ஐ மூன்றாம் கூடை மட்டும் பெருத்த நிலையில் எடுத்திருக்கும் இன்னொரு மாணவருக்குத் தூரம் 100ஆக இருந்தாலும் நான் தயங்குவேன். மதிப்பெண் ஒன்றாகவே இருந்தாலும் விடை வேறாகிறது.

பாடவாரியாகவும் இதையே செய்யுங்கள். 360 மதிப்பெண் உயிரியலில் இருப்பதால், அங்கே இரண்டாம் கூடை பெரிதாக இருப்பவருக்கு மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடநூலை வரிவரியாகத் திரும்பப் படிப்பதே பாதி மருந்து. இயற்பியலில் மூன்றாம் கூடை பெரிதாக இருந்தால் அது கணித அடிப்படையின் குறையாக இருக்கக்கூடும்; அதற்கு ஜூலையிலேயே பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எழுதாமல் விட்ட வினாக்கள் எல்லாம் கடைசியாக எடுத்த பாடத்தில் குவிந்திருந்தால் குறை அறிவில் இல்லை, 180 நிமிடங்களைப் பங்கிட்டதில் இருக்கிறது.

இரண்டாம் முறை எழுதி மூன்றாம் முறையை யோசிப்பவர்கள் இரண்டு ஆண்டுகளின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூன்று கூடைகளும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தால், ஓராண்டு முழுநேரப் படிப்பு எதையும் அசைக்கவில்லை என்று பொருள். இன்னோர் ஆண்டு அசைக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

நான்காம் படி: போன ஆண்டு எப்படிப் போனது?

கணக்கு சாதகமாக வந்தாலும், சென்ற ஆண்டைக் கெடுத்த காரணம் அடுத்த ஆண்டும் அப்படியே இருக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கும் நீட்டுக்கும் ஒரே சமயத்தில் படித்தவருக்கு, பொதுத்தேர்வு இல்லாத ஆண்டு உண்மையிலேயே கூடுதல் நேரத்தைத் தரும். தேர்வு மாதத்தில் காய்ச்சலில் படுத்தவருக்கும் அப்படித்தான். ஆனால் ஏற்கெனவே ஓராண்டு விடுதியில் தங்கி முழுநேரமும் படித்தவருக்கு எது மாறப்போகிறது?

மலையில் வசிப்பவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான் என்றாலும், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும் பேருந்துப் பயணம் ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்தைத் தாண்டும். நாகலூர் போன்ற ஊர்களிலிருந்து வருபவருக்கு இன்னும் கூடும். நாள்தோறும் மூன்று மணி நேரத்தைப் பேருந்தில் செலவிட்டுப் படிக்கும் ஆண்டையும், ஊரில் தங்கிப் படிக்கும் ஆண்டையும் ஒன்றாகக் கருத முடியாது. காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் வீடுகளில் நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கும் காலம். வீட்டிலிருக்கும் பிள்ளையும் தோட்டத்துக்குப் போவது வழக்கம். சரியாக அந்த மாதங்களில்தான் பாடம் முடிந்து திருப்புதல் தொடங்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை, அம்மாபேட்டையில் தறி என்று வீட்டோடு தொழில் இருக்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்: "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்ற ஒரு வார்த்தையில் பல ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கின்றன. இதை ஜூன் மாதத்திலேயே வீட்டாருடன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பணம் கட்டுவதற்கு முன் நான்கு வாரச் சோதனை

எங்கும் சேராமல், முன்பணம் கட்டாமல், நான்கு வாரம் வீட்டிலேயே ஒரு நேர அட்டவணைப்படி படித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் பிற்பகல் 2 மணிக்கு உட்கார்ந்து 5 மணி வரை முழு மாதிரித் தேர்வை எழுதுங்கள். உண்மைத் தேர்வும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது என்பதால் மதிய உணவுக்குப் பின் வரும் தூக்கத்தையும் சேர்த்தே பழக வேண்டும். நான்காவது தேர்வில் முதல் கூடை சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, நான்கு வாரமும் யாரும் எழுப்பாமல் எழுந்து உட்கார முடிந்ததா என்று பாருங்கள். முடியாதவரை ஒரு விடுதிப் பயிற்சி மையம் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கும். ஆனால் உட்கார்ந்தவர் படிக்கிறாரா என்பது வேறு.

"இன்றைக்குள் சேர்ந்தால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி" என்று அழைப்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சென்ற ஆண்டு 350 முதல் 400 வரை வாங்கி உங்களிடம் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் அரசுக் கல்லூரிக்குப் போனவர்கள் எத்தனை பேர்? பதாகையில் படம் போட்டிருக்கும் மாணவர்கள் பெரும்பாலும் சேரும்போதே நல்ல மதிப்பெண்ணோடு சேர்ந்தவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்தக் கேள்வியைக் கேட்டபோது எதிர்முனையில் தொடர்பே துண்டிக்கப்பட்டது.

ஆறாம் படி: இந்த ஆண்டுக் கலந்தாய்வை விட்டுவிடாதீர்கள்

மறுமுறை எழுதுவது என்று பாதி முடிவு செய்தவர்கள் மற்றக் கதவுகளைத் தட்டாமலேயே விட்டுவிடுகிறார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். எதை விடுகிறோம் என்று தெரிந்தால்தான் அளக்க முடியும். பொறியியலுக்கு 2007 முதல் தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வு இல்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களிலிருந்து 200க்குக் கணக்கிடப்படும் கட்ஆஃப் போதும். உயிரியலோடு கணிதமும் படித்தவர் கருப்பூரிலுள்ள அரசு பொறியியல் கல்லூரிக்கு முயலலாம். கணிதம் இல்லாத பிரிவில் படித்தவருக்குக் கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியம், மருந்தியல் ஆகியவை உண்டு. கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. நம் மாவட்டத்தில் தலைவாசலிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நீட்டில் தகுதி மட்டும் பெற்றவர்களுக்குச் சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி கலந்தாய்வு தனியாக நடக்கும். எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவிட்டு, கையில் எந்த இடம் வருகிறது என்று பார்த்த பிறகு ஒப்பிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மருத்துவம், பல் மருத்துவக் கலந்தாய்வின் முதல் சுற்றில் கிடைத்த இடத்தை விடுவதற்கும் பிந்தைய சுற்றுகளில் கிடைத்ததை விடுவதற்கும் விதி ஒன்றல்ல. பிந்தைய சுற்றுகளில் வைப்புத்தொகை பறிபோகும். கடைசியாக எஞ்சிய இடங்களுக்கான சுற்றில் இடம் பெற்றுச் சேராமல் போனால் அடுத்த ஆண்டுத் தேர்வை எழுதவே தடை வரக்கூடும். சேர்ந்த பிறகு குறிப்பிட்ட தேதிக்குப் பின் விலகினாலும் இழப்பீட்டுத் தொகை கேட்பார்கள். "கிடைத்தால் பார்க்கலாம்" என்ற எண்ணத்தில் கடைசிச் சுற்றில் விருப்பக் கல்லூரிகளைக் குறிக்காதீர்கள். அந்தந்த ஆண்டின் கலந்தாய்வுக் கையேட்டில் இந்தப் பத்திகளைப் படித்துவிட்டுக் குறியுங்கள்.

ஒரு கல்லூரியில் சேர்ந்துகொண்டே நீட்டுக்கும் படிப்பது பலருக்குப் பாதுகாப்பான நடுவழியாகத் தோன்றும். முதல் இரண்டு கூடைகள் மட்டும் பெரிதாக, தூரமும் 50க்குள் இருப்பவருக்கு அது ஒத்துவரும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் கெட்டான் நிலைதான் மிஞ்சுகிறது: நவம்பரில் செமஸ்டர் தேர்வு, ஏப்ரலில் மறுபடியும் செமஸ்டர், மே முதல் வாரத்தில் நீட்.

ஏழாம் படி: வீட்டில் பேச வேண்டியவை

பயிற்சிக் கட்டணம், விடுதி, உணவு, மாதிரித் தேர்வுத் தொடர், ஊருக்கு வந்துபோகும் செலவு ஆகியவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக எழுதுங்கள். அந்தத் தொகைக்கு நகை அடகு வைக்க வேண்டியிருக்கிறது என்றால், அதைப் பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம், நாள்தோறும் சொல்லிக்காட்டவும் வேண்டாம். தம்பி தங்கையின் படிப்புச் செலவு அதே ஆண்டில் வருகிறதா என்றும் பாருங்கள்.

முடிவைச் சொல்ல வேண்டியவர் தேர்வு எழுதப்போகிறவர்தான். அப்பாவின் ஆசைக்காக மறுமுறை உட்காரும் பிள்ளை அக்டோபருக்குள் தளர்ந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். "எனக்கு டாக்டர் ஆக வேண்டும்" என்பதும் "எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்" என்பதும் வேறு வேறு காரணங்கள். தாத்தா, பாட்டி, மாமா யாரும் இல்லாத நேரத்தில் இதைத் தனியாகக் கேளுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாருடனும் பேசாமல் ஒதுங்கும் பிள்ளையிடம் முடிவைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தி வையுங்கள். 104 என்ற எண்ணிலும், டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். மாணவரும் அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

எட்டாம் படி: எழுதுவது என்றால், நிபந்தனைகளோடு

வேண்டாம் என்று முடிவானால் அதிகம் சொல்வதற்கில்லை: கிடைத்த கல்லூரியில் முதல் வாரத்திலேயே சேர்ந்து, நீட் புத்தகங்களை வேறொரு மாணவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

வேண்டும் என்று முடிவானால், கூடைக் கணக்கு எழுதிய அதே தாளின் பின்பக்கத்தில் மூன்றைக் குறியுங்கள். முதலாவது, இது எத்தனையாவது முயற்சி, இதற்குப் பின் இன்னொன்று உண்டா இல்லையா என்பது. அதை இப்போதே முடிவு செய்வது அடுத்த ஜூனில் அழுகைக்கு நடுவே முடிவு செய்வதைவிட எளிது. இரண்டாவது, டிசம்பர் கடைசி ஞாயிறன்று எழுதும் மாதிரித் தேர்வில் எட்ட வேண்டிய எண். நம் மாணவி 375இலிருந்து 475ஐ எட்ட வேண்டும் என்றால், டிசம்பரில் அவள் 430ஐத் தொட்டிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பேன். தொடவில்லை என்றால் படிக்கும் முறையை மாற்ற இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. மார்ச்சில் தெரிந்தால் எதையும் மாற்ற முடியாது. மூன்றாவது, இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் சேரப்போகும் படிப்பின் பெயர்.

சாதிச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று ஆகியவற்றில் பெயரும் தந்தை பெயரும் மதிப்பெண் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று இந்த ஓய்வு மாதங்களிலேயே சரிபார்த்துவிடுங்கள். பழங்குடியினர் சான்றிதழை வழங்குபவர் வருவாய் கோட்டாட்சியர். விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதால், சான்றிதழ் இல்லாத மலைக் குடும்பங்கள் ஜூலையிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.